‘நான் ஒன்றும் செய்யவில்லை’ என்று எழுதிய கடிதம்

இதை எழுதச் சொல்லி நம் கம்ப்யூட்டர் உதவிக் குழுவில் பலரும் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். “ஆகட்டும், பார்க்கலாம்” என்று நானும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நேரமில்லை என்று சொன்னதெல்லாம் சாக்கு. உண்மையான காரணம் இரண்டு. முன்பின் தெரியாத எத்தனையோ பேர் படிக்கும்படி நான் எழுதிய ஒரு தவறான வார்த்தை இதில் இருக்கிறது. அது போக, இதில் சாமி காரியமும் கலந்திருக்கிறது. படித்துவிட்டு யாராவது பூஜையைக் கேலி செய்தால் அந்தப் பாவம் எழுதினவனுக்குத்தானே வரும் என்று பயந்தேன். போன வெள்ளிக்கிழமை கற்பகாம்பாள் சன்னதியில் நின்றபோது, இனிமேலும் சாக்குச் சொல்லக் கூடாது என்று மனசுக்குப் பட்டது. அவளை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். குழுவுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளும் தங்கைகளும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

என் பெயர் ஏகாம்பரம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். அதற்கு மேல் டைப்ரைட்டிங், இரண்டு மொழியிலும் ஹையர். தரமணியில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். குழுவில் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிற கிழவனாகத்தான் உங்களுக்கு என்னைத் தெரியும். நான் கேள்வி கேட்டு நின்ற காலத்தைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூரில் லஸ் பக்கத்தில் ஒரு மாடி அறையில் இயங்கிய சின்னச் சங்கம் ஒன்றில் அப்போது வேலை பார்த்தேன். ரத்த தானம் செய்ய முன்வருகிறவர்களின் பட்டியலை வைத்திருக்கிற சங்கம். எங்களிடம் ரத்தம் இருக்காது, பெயர்கள்தான் இருக்கும். “இந்த குரூப் ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வாருங்கள்” என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவார்கள். உறவுக்காரர்கள் எங்களிடம் ஓடி வருவார்கள். பட்டியலில் தேடி, ஃபோன் செய்து, ஆளை அனுப்பி வைப்போம். ஃபோனுக்கு மெஹருன்னிசா, கம்ப்யூட்டருக்கு நான். மொத்த அலுவலகமும் நாங்கள் இரண்டு பேர்தான். மெஹர் ராயப்பேட்டைக்காரர். வீட்டில் உருது பேசுவார், கான்வென்டில் படித்தவர், எங்களோடு பேசுவது மணியான தமிழ்.

அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டியது லினக்ஸ் என்ற இலவச மென்பொருள். விலை கொடுத்து மென்பொருள் வாங்க முடியாத சங்கம் என்பதால் ஒரு கல்லூரி மாணவர் அதைப் போட்டுக் கொடுத்தார். பெயர்களைத் தேட ஒரு சின்ன புரோகிராமும் எழுதித் தந்தார். பிறகு மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார். போவதற்கு முன்னால் ஒரு மெயில் குழுவின் முகவரியைத் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினார்.

“சார், இதைச் செஞ்சவங்க, இதை வச்சு வேலை பாக்குறவங்க எல்லாம் இந்தக் குழுவுல இருக்காங்க. யாரும் சம்பளத்துக்குப் பதில் சொல்றவங்க இல்ல. ஒழுங்கா கேட்டா கண்டிப்பா சொல்லுவாங்க.”

ஒழுங்காகக் கேட்பது எப்படி என்று நான் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்பதற்கு என்ன படிப்பு வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த வருடம் விஜயதசமி புதன்கிழமை. முதல் நாள் ஆயுத பூஜையில் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, பூ வைத்து, கற்பூரம் காட்டினோம். பூஜையில் வைத்த பொருளை அன்று தொடுவதில்லை. புதன்கிழமை காலை மறுபூஜை முடித்து, அம்பாளைக் கும்பிட்டுவிட்டு பட்டனை அழுத்தினேன். கறுப்புத் திரையில் வரிவரியாக எழுத்து ஓடியது. திடீரென்று நின்றது. கடைசி வரியில் ‘பேனிக்’ என்று ஒரு வார்த்தை. அதற்குப் பீதி என்று அர்த்தம் என்பது எனக்கே தெரியும். கம்ப்யூட்டரே பீதி அடைந்தால் நான் எங்கே போவேன்? அணைத்து அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பீதி.

பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். இரண்டு ஃப்ளாப்பியில் எடுத்து வைத்திருந்தேன். எடுத்ததோடு சரி, ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. இரண்டிலும் பூஞ்சை பூத்திருந்தது. பரணில், பெயரும் ஃபோன் நம்பரும் மட்டும் எழுதிய பழைய அட்டைகள் இருந்தன. ஆனால் அந்த வருடங்களில் சென்னையில் ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சாக ஃபோன் நம்பர்கள் மாறிக்கொண்டே வந்தன. புது நம்பர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் மட்டுமே திருத்தியிருந்தோம். அட்டையைப் பார்த்து மெஹர் சுற்றினால், “நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை” என்று ஒரு அம்மாள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை தாஸ் வந்தார். கொட்டிவாக்கத்தில் வீடு, அடையாறில் இரு சக்கர வண்டிகள் பழுது பார்க்கிற கடை. அவர் மனைவி செல்விக்கு இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவை நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், ரத்தம் நிறையப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்விக்கு பி நெகட்டிவ். எளிதில் கிடைக்காத குரூப்.

“அடுத்த புதங்கெழம ஆப்ரேசன் சார்,” என்றார் தாஸ். “அதுக்குள்ள ரெண்டு ஆளு இட்டாந்து ரத்தம் குடுக்க வெக்கணும்னு சொல்லிக்கீறாங்க. உங்க லிஸ்ட்ல ஆளு கீதா சார்?”

கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை என்று சொன்னேன். அவர் அதை எட்டிப் பார்த்தார். அதன் நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது.

“இன்னா சார், பொட்டு வெச்சி படுக்க வெச்சிட்டீங்களா?” என்று சிரித்தார். சிரித்தவர் உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு வரேன் சார்” என்று போய்விட்டார். அவர் சிரித்ததைவிட அப்படி முகத்தைத் துடைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏனென்றால் புதன்கிழமையே நான் உதவி கேட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். எப்படிக் கேட்டேன் என்று சொல்கிறேன். மாணவர் அச்செடுத்துக் கொடுத்திருந்த கையேட்டில், லினக்ஸை உருவாக்கியவர்களில் இரண்டு பேருடைய மெயில் முகவரி இருந்தது. நம் ஊரில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் கவுன்ட்டரில் கேட்பதா, பெரிய அதிகாரியைப் பார்ப்பதா? பெரியவர்களிடமே போய்விடுவோம் என்று முடிவு செய்தேன். நாலு பேருக்கு முன்னால் கேட்க வெட்கமாகவும் இருந்தது. தி.நகரில் பாண்டி பஜார் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் எனக்குத் தெரியும். அங்கே போய், தாசில்தாருக்கு மனு எழுதுகிற மாதிரி இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். உயர்திரு ஐயா அவர்களுக்கு, தங்கள் பாதம் பணிந்து, ஏழைகளின் உயிர் காக்கும் எங்கள் சங்கத்தின் கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது, தயவுகூர்ந்து ஆவன செய்யவும். இவ்வளவுதான். என்ன பழுது, திரையில் என்ன வந்தது, ஒன்றும் இல்லை. வணக்கம் மட்டும் ஏழு வரி.

ஒருவரிடமிருந்து பதிலே வரவில்லை. இன்னொருவர் பல மாதம் கழித்து, தினமும் இப்படி நிறைய வருவதாகவும், குழுவில் கேட்டிருந்தால் அன்றைக்கே யாராவது பார்த்திருப்பார்கள் என்றும் மரியாதையாக எழுதினார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நான் பெரியவர் என்று நினைத்துப் போன கதவுக்குப் பின்னால் ஒற்றை ஆள் இருந்திருக்கிறார். குழுவில் போட்டிருந்தால் உலகத்தில் எங்கோ ஒரு ஊரில் விழித்திருக்கிற யாராவது ஒருவர் பார்த்திருப்பார். நாலு பேருக்கு முன்னால் கேட்பதில் நான் நினைத்த வெட்கத்துக்கு விலை இரண்டு நாள். செல்விக்கு இருந்ததே ஏழு நாள்.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் குழுவுக்கு எழுதினேன். தலைப்பில் ‘மிக மிக அவசரம் ஐயாமார்களே’. உள்ளே, கம்ப்யூட்டர் பீதி என்று சொல்கிறது, ஓர் உயிர் போகும் நிலை, காப்பாற்றுங்கள். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பதில்கள் வந்தன. முதலாவது, இங்கே ஐயா என்று யாரும் இல்லை, கையேட்டைப் படி என்று ஒரு வெட்டு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது பதில் வேறு மாதிரி. குளிர்தேசம் ஒன்றிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. விளம்பரம் பிடிக்காதவர். அவர் கேட்டது இரண்டே கேள்வி. திரையில் என்னென்ன வருகிறது? கடைசியாக அது வேலை செய்த நேரத்துக்கும் முதன்முதலில் வேலை செய்யாத நேரத்துக்கும் நடுவில் நீங்கள் என்ன செய்தீர்கள்?

நான் உடனே பதில் எழுதினேன். முதல் கேள்விக்கு, கடைசி வரியை மட்டும் நினைவிலிருந்து எழுதினேன். இரண்டாவதற்கு எழுதியதுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. நான் ஒன்றும் செய்யவில்லை.

அம்பாள் அறிய, எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது.

அதை நம்பித்தான் மற்றவர்கள் யோசித்தார்கள். ஒன்றுமே செய்யாமல் ஒரு கம்ப்யூட்டர் இப்படி ஆனால், ஹார்ட் டிஸ்க் தானாகவே கெட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தபோது மூன்று பேர் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஒருவர், சிடியைப் போட்டு எல்லாவற்றையும் புதிதாக இன்ஸ்டால் செய்துவிடு, மெஷின் எழுந்தாலும் எழும் என்றார். உள்ளே ஒரு பட்டியல் இருக்கிறது, அது போகக் கூடாது என்று நான் எழுதவே இல்லை. ஆகையால் பட்டியல் அழியும் என்று எச்சரிக்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் மேல் என்ன தப்பு? நான் காட்டிய நோயாளிக்கு அவர் மருந்து சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் சிடியைத் தட்டில் வைத்தேன். தட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மெஹரிடம் கேட்டேன்.

“போட்டுடட்டுமா மெஹர்?”

“போட்டா பேரெல்லாம் இருக்குமாண்ணே?”

“தெரியல. மெஷினாவது எழுந்திரிக்கும்.”

“வெறும் மெஷின் எழுந்து நமக்கு என்ன பிரயோஜனம்?”

அந்த நேரம் தாஸ் படியேறி வந்தார். கையெல்லாம் கிரீஸ்.

“லேட்டாய்டுச்சி சார். கட ஃபுல்லா வண்டி. வருசா வருசம் ஆயுத பூஜ முடிஞ்சா இந்தக் கூத்துதான். ஒண்ணும் ஸ்டார்ட் ஆவாது.”

“ஏன் தாஸ், பண்டிகை முடிஞ்சா மட்டும் ஸ்டார்ட் ஆகாதா?” என்று மெஹர் கேட்டார்.

“பூஜைக்குன்னு தண்ணிய பீச்சி அடிச்சிக் கழுவுவானுங்கமா. பிளக்குல தண்ணி பூந்துக்கும். தள்ளிக்கினு வந்து நிப்பான். இன்னாடா பண்ணேன்னா, ‘ஒண்ணியும் பண்ல நைனா, சும்மா நிறுத்தி வெச்சிருந்தேன்’பான். கழுவுனியாடான்னா, ‘ஆமா, பூஜைக்குக் கழுவ மாட்டாங்களா?’ன்னு என்னியே திருப்பிக் கேப்பான். கழுவுனத ஒரு வேலைன்னே நெனைக்க மாட்டானுங்க.”

மெஹர் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

“அண்ணே,” என்றார் மெஹர் மெதுவாக. “திங்கட்கிழமை நீங்க டப்பாவைத் திறந்தீங்களே.”

“அது பூஜைக்கு...” என்று தொடங்கினேன்.

பூஜைக்கு முந்தின நாள் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷால் உள்ளே இருந்த தூசியைத் தட்டினேன். நாடா மாதிரி தட்டையாக இரண்டு கேபிள்கள் குறுக்கே இருந்தன. பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, தட்டி முடித்து, திரும்பச் செருகினேன். வருடா வருடம் அலமாரி, ஃபேன், ஃபோன் எல்லாவற்றையும் துடைப்பது போலத்தான் அதுவும். கம்ப்யூட்டர் வந்த பிறகு அது இரண்டாவது ஆயுத பூஜை. முதல் வருடம் வெளியே மட்டும் துடைத்திருந்தேன். இந்த வருடம் பக்தி கூடிப்போய் உள்ளேயும் துடைத்தேன். ‘என்ன செய்தீர்கள்’ என்று அந்த மனிதர் கேட்டபோது, பூஜைக்குச் சுத்தம் செய்தது என் நினைவுக்குக்கூட வரவில்லை. அது செயலில் சேர்த்தியே இல்லை எனக்கு. குளித்தது, சாப்பிட்டது போல.

குழுவுக்கு நான் எழுதிய பதிலைச் சொன்னதும் தாஸுக்கு விஷயம் புரிந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

“சரி வுடு சார். நீயாச்சும் சும்மா நிறுத்தி வெச்சிருந்தேன்னு என்னாண்ட சொல்லல. அந்த ஆளாண்ட சொல்லிட்ட. இப்ப போய் கரீட்டா சொல்லு.”

சிடியை எடுத்து உறைக்குள் போட்டேன். ஒரு நோட்டை எடுத்து, திங்கட்கிழமை காலையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை யார், எப்போது, எங்கே தொட்டோம் என்று தமிழில் வரிசையாக எழுதினேன். திரும்ப ஒரு தடவை பட்டனை அழுத்தி, திரையில் நின்ற எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை ஓர் எழுத்து விடாமல் கையால் பார்த்து எழுதினேன். பாதிக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. டைப்ரைட்டிங் படித்தவனுக்கு அர்த்தம் தெரியாமல் பார்த்து எழுதுவது பழக்கம்தான்.

மெஹர் அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். சுத்தம் செய்த இடம் வந்ததும் நான் நிறுத்தினேன்.

“இங்கே ‘வழக்கமான மெயின்டனன்ஸ்’னு போட்டுடலாமா?”

“ஏண்ணே?”

“பூஜைன்னு எழுதினா, சாமி கும்பிட்டுக் கெடுத்துட்டான்னு சிரிப்பாங்க.”

“நீங்க நாலு நாளா கேட்டது சிரிக்காம இருக்கச் சொல்லியா, சரி பண்ணச் சொல்லியா? மெயின்டனன்ஸ்னு போட்டா, கேபிளைப் பிடுங்கினீங்கன்னு அவருக்கு எந்த மந்திரத்துல தெரியும்?”

வேறு மதத்துக்காரப் பெண் என் சாமிக்காக என்னிடம் சண்டை போட்டது போல இருந்தது. உள்ளபடியே எழுதினோம். எங்கள் ஊரில் கருவிகளை வழிபடும் பண்டிகை ஒன்று உண்டு. அதற்காகப் பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். இரண்டு கேபிள்களைக் கழற்றித் திரும்பச் செருகினேன். வெளிப்புறத்தில் சந்தனமும் குங்குமமும் பூசினேன். நேற்று ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியது தவறு, மன்னிக்கவும். உள்ளே இருக்கும் பட்டியல் எங்களுக்கு வேண்டும், அது வேறு எங்கும் இல்லை. செவ்வாய்க்கிழமைக்குள் வேண்டும், அடுத்த நாள் ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன். இவ்வளவு. வணக்கம் ஒரே வரி. கடைசியில் திரையில் இருந்தது முழுவதும்.

தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டிருந்தது. பாண்டி பஜாரில் நடக்க இடமில்லாமல் இடித்துக்கொண்டு போய் அதை அனுப்பிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலுக்குப் போய்விட்டு, பிரவுசிங் சென்டர் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். அதே மனிதரிடமிருந்து பதில் வந்திருந்தது. அதை அச்செடுத்து இன்றுவரை வைத்திருக்கிறேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“நன்றி. வேண்டிய எல்லாம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. புதிதாக இன்ஸ்டால் செய்யாதீர்கள். உங்கள் ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் பார்த்து எழுதிய வரிகளில் ஒன்றில், டிஸ்க் இரண்டாவது இணைப்பில் இருப்பதாகக் கம்ப்யூட்டரே சொல்கிறது. அது முதல் இணைப்பில் தேடுகிறது. இரண்டு கேபிள்களும் இடம் மாறியிருக்கின்றன. மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவற்றை மாற்றிச் செருகுங்கள். சந்தனத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வெளியே பூசியதால் ஒன்றும் ஆகாது.”

கடைசி இரண்டு வரியைப் படித்து, அந்தத் தாளை அங்கேயே கண்களில் ஒற்றிக்கொண்டேன். நான் கேட்காமலே என் பயம் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. சந்தனத்தை மறைத்து எழுதியிருந்தால் அந்த ஆறுதல் எனக்கு எங்கே கிடைத்திருக்கும்?

மெஹர் ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் வந்திருந்தார். தாஸும் வந்தார். மூடியைத் திறந்ததும், “தள்ளு சார், இது என் வேல” என்று அவரே கேபிள்களை மாற்றிச் செருகினார். நான் பட்டனை அழுத்தினேன். எழுத்து ஓடியது. நின்ற இடம் வந்தது, தாண்டியது. பெயர் கேட்கிற திரை வந்ததும் மெஹர் ஃபோனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

பி நெகட்டிவ் என்று தேடினால் நான்கு பெயர்கள். ஒருவர் ஊர் மாறிவிட்டார். இன்னொருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். மூன்றாமவர் அடையாறில் பாட்டு சொல்லித் தருகிற அம்மாள். “செவ்வாய்க்கிழமைதானே, வகுப்பை மாத்திண்டு வந்துடறேன்” என்றாராம். நான்காமவர் நங்கநல்லூர்க்காரர். அவர் வீட்டில் ஃபோனை எடுத்தவர்கள், அவர் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வந்ததும் அவரே கூப்பிட்டார். இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமை போய்க் கொடுத்தார்கள். புதன்கிழமை ஆபரேஷனில் ரத்தம் டாக்டர் பயந்த மாதிரியே போனது. இரண்டு பாட்டிலும் செலவானது. வியாழக்கிழமை தாஸ் ஜிலேபியோடு வந்தார்.

“பொண்ணு சார். ரெண்டு பேரும் நல்லா கீறாங்க,” என்றார். ஜிலேபிப் பொட்டலத்தைக் கம்ப்யூட்டர் மேலேயே வைத்தார். “அதும் மேல வெக்காத தாஸ், எறும்பு வரும்” என்று மெஹர் அதட்டியபோதுதான் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இனி சொல்வதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலையே குழுவுக்கு நன்றி எழுதியிருந்தேன். ‘கடவுள் அருளால் எல்லாம் சரியாகிவிட்டது, அனைவருக்கும் நன்றி’ என்று ஒரே வரி. வியாழக்கிழமை போய்ப் பார்த்தால், அந்தக் குளிர்தேசத்து மனிதர் எழுதியிருந்தார்: “மகிழ்ச்சி. என்ன செய்து சரியானது என்று கடவுளுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் சொல்லுங்கள்.”

முதலில் சுருக்கென்று இருந்தது. என் சாமியைக் கிண்டல் செய்கிறாரோ என்று. திரும்பப் படித்தேன். கிண்டல் இல்லை. அவர் உண்மையாகவே கேட்கிறார். அவர் சொன்னபடி செய்து பார்த்தேனா, அதனால்தான் சரியானதா, அல்லது வேறு எதாலாவதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்காக அத்தனை வரிகளைப் படித்தவருக்கு நான் முடிவைச் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறேன். நன்றி சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பண்டிகைக்காகச் சுத்தம் செய்தது, கேபிள்கள் மாறியது, ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னது, சிடியைத் தட்டில் வைத்தது, மாற்றிச் செருகியதும் எழுந்தது, பெண் குழந்தை பிறந்தது. என் இங்கிலீஷில்தான். மெஹர் பக்கத்தில் இல்லை.

மறுநாள் குழுவில் அதற்கு ஒரு பதில் வந்தது. கர்நாடகத்தில் ஒரு சின்ன ஊரில், ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். அதற்கு முன் அவர் குழுவில் ஒரு வார்த்தையும் எழுதியதில்லை, படிப்பது மட்டும்தான். அவர்களும் ஆயுத பூஜைக்கு மெஷினைத் திறந்து துடைத்தார்களாம். அன்றிலிருந்து அதே பீதி. மேலதிகாரி கேட்டபோது அவரும் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டார். நோயாளிகளின் ரிப்போர்ட் எல்லாம் உள்ளே இருக்க, அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவதாக ஏற்பாடு. காலையில் என் கடிதத்தைப் படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மூடியைத் திறந்து கேபிள்களை மாற்றிச் செருகியிருக்கிறார்.

“எழுந்துவிட்டது. மேலதிகாரியிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன்” என்று எழுதியிருந்தார்.

தம்பிகளே, தங்கைகளே, நான் பெரிய படிப்பாளி இல்லை. உதவி கேட்பது பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் குழுவில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வாரம்தான். இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது சுருக்க வேண்டாம், என் மானத்தைக் காப்பாற்ற எந்த வரியையும் எடுக்க வேண்டாம், பூஜை என்று இருக்கிற இடத்தில் நாகரிகமாக வேறு வார்த்தை போட வேண்டாம். நடந்தது நடந்த வரிசையிலேயே போகட்டும். இதில் எந்த வரி எந்த ஊரில் யாருக்குத் தேவைப்படும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.